ஜொகூர் அரசின் தாய் துன் பாத்திமா

நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளி ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில் இருக்கிறது. மேகம் இல்லாத காலை நேரங்களில் ஐந்தாம் ஆண்டு வகுப்பின் சன்னல் வழியே லேடாங் மலை நீலமாகத் தெரியும். 1,276 மீட்டர் உயரமுள்ள அந்த மலையைப் பார்த்தால் போதும், பிள்ளைகளுக்கு லேடாங் மலை இளவரசியின் கதை நினைவுக்கு வந்துவிடும். மலாக்கா சுல்தான் மஹ்மூட் ஷா அவளை மணக்க விரும்பித் தூது அனுப்பினார். தங்கத்தில் ஒரு பாலமும் வெள்ளியில் ஒரு பாலமும் வேண்டும், ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம் வேண்டும், இளவரசனின் இரத்தம் ஒரு கிண்ணம் வேண்டும் என்றெல்லாம் அவள் பரிசம் கேட்டாள். மற்றவற்றைக் கொடுத்தாலும் மகனின் இரத்தத்தைக் கொடுக்கச் சுல்தானுக்கு மனம் வரவில்லை. திருமணப் பேச்சு அத்தோடு நின்றது.

ஒரு நாள் இந்தக் கதையைச் சொல்லி முடித்தபோது கடைசி வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து நின்றாள்.

"டீச்சர், வேணாம்னு நேராச் சொல்ல முடியாமத்தான் அந்த இளவரசி அப்படியெல்லாம் கேட்டாங்களா?"

"அப்படித்தான் இருக்க வேண்டும்" என்றோம்.

"அவங்க கதையில வர்றவங்க. அந்தச் சுல்தானைக் கட்டிக்கிட்ட நெசமான ராணியை, சம்மதமான்னு யாராவது கேட்டாங்களா, டீச்சர்?"

அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. பதிலை நாளைக்குச் சொல்கிறோம் என்று கூறித் தப்பித்துக்கொண்டோம். ஆனால் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. அதற்கு விடை தேடிப் படித்தவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

அந்த அரசியின் பெயர் துன் பாத்திமா. அவரைப் பற்றி நமக்குச் சொல்லும் முதன்மையான நூல் 'செஜாரா மெலாயு'. மலாய் மன்னர்களின் வரலாற்றைக் கூறும் இந்நூலை 1612-ஆம் ஆண்டோடும், ஜொகூரின் பெண்டஹாராவாக இருந்த துன் ஸ்ரீ லானாங்கோடும் இணைத்துக் கூறுவது மரபு. பெண்டஹாரா என்றால் மன்னருக்கு அடுத்த நிலையில் இருந்த தலைமை அமைச்சர். உலகம் போற்றிக் காக்க வேண்டிய ஆவணங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ நிறுவனம் 2001-இல் இந்நூலைப் பதிவு செய்தது. இதைப் படிக்கும்போது இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். நிகழ்ச்சிகள் நடந்து நூறு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது இந்நூல். எழுதியவரும் துன் பாத்திமாவின் குடும்ப வழியில் வந்தவரே. ஆகவே இது ஒரு குடும்பம் தன் துயரத்தைத் தானே சொல்லிக்கொண்ட வரலாறும் ஆகும்.

அந்தக் குடும்பம் எது? இங்கேதான் நம்மவர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து மணி புரிந்தான் என்ற இஸ்லாமியப் பெருமகன் மலாக்காவுக்கு வந்தார். அங்கேயே பிரபு குடும்பத்தில் பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார். அவர் வழியினரைத் தமிழ் முஸ்லிம் மரபினர் என்றே வரலாற்று நூல்கள் பலவும் குறிக்கின்றன. அவருடைய மகன் துன் அலி. துன் அலியின் மக்களுள் மூவரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் துன் தாஹிர். அடுத்தவர் துன் முத்தாஹிர். மூன்றாமவர் துன் செனாஜா என்ற மகள். இந்தச் செனாஜா மலாக்கா சுல்தான் அலாவுதீனை மணந்து பெற்ற பிள்ளைதான் சுல்தான் மஹ்மூட் ஷா. துன் முத்தாஹிர் மலாக்காவின் பெண்டஹாரா ஆனார். அவருடைய மகளே துன் பாத்திமா.

நம் வழக்கத்தில் சொல்வதானால், பாத்திமா சுல்தானுக்குத் தாய்மாமன் மகள். முறைப்பெண்! 'முறை இருக்குதே' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் தோட்டப்புறங்களில் எத்தனை திருமணங்கள் முடிவாகியிருக்கின்றன என்பதை நேயர்கள் அறிவீர்கள். ஆனால் துன் முத்தாஹிர் தம் மகளைத் தம் உடன்பிறந்தார் துன் தாஹிரின் மகனுக்குக் கொடுக்க முடிவு செய்தார். பாட்டனாரின் பெயரைத் தாங்கிய அந்த மாப்பிள்ளையும் துன் அலிதான். இஸ்லாமிய முறைப்படி அது ஏற்புடைய உறவு.

பாத்திமா பேரழகி என்று நூல் கூறுகிறது. அவளை முதலில் மன்னருக்குக் காட்டியிருக்க வேண்டும் என்று அரச குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பெண்டஹாராவிடம் எடுத்துச் சொன்னார். எளிய குடியில் பிறந்தவள் எளியவனைத்தான் மணக்க வேண்டும் என்று பெண்டஹாரா பணிவாக மறுத்துவிட்டார். திருமணத்துக்குச் சுல்தானும் அழைக்கப்பட்டார். மணக்கோலத்தில் இருந்த பாத்திமாவை அவர் கண்டார். இப்படி ஒரு மகளை மாமன் தமக்குக் காட்டாமல் மறைத்துவிட்டாரே என்ற கோபம் அன்று அவர் உள்ளத்தில் விழுந்தது. பிறகு நீங்கவே இல்லை.

தந்தை என்ன நினைத்தார், பெரியவர் என்ன சொன்னார், மன்னர் எப்படிச் சினந்தார் என்பதெல்லாம் நூலில் இருக்கிறது. மணமகள் என்ன நினைத்தாள் என்று ஒரு வரி கூட இல்லை. நம் மாணவியின் கேள்விக்கு முதல் விடை இது.

துன் பாத்திமாவும் துன் அலியும் வாழ்ந்த இல்வாழ்க்கையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துன் தெராங் என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இதற்கிடையில் மலாக்காவின் வணிகத் தெருவில் ஒரு வழக்கு முளைத்தது. ராஜா முதலியார், நைனா சூரதேவன் என்ற இரண்டு பெரும் வணிகர்களுக்குள் தகராறு. இருவரும் நம் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களே. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் பெண்டஹாரா. சூரதேவன் இரவோடு இரவாகப் பத்துக் காட்டி தங்கத்தைப் பெண்டஹாராவிடம் கொடுத்தார், அவரும் வாங்கிக்கொண்டார். இதைச் சூரதேவனின் உறவினனான கித்துல் என்பவன் முதலியாரிடம் போய்ச் சொன்னான். அவன் சூரதேவனுக்குக் கடன்பட்டவன். அச்சம் கொண்ட முதலியார் கடற்படைத் தலைவரான லக்சமணா கோஜா ஹசானுக்குப் பெரும் பொன்னைக் கையூட்டாகக் கொடுத்து, பெண்டஹாரா அரியணையைப் பறிக்கச் சதி செய்கிறார் என்று சுல்தானிடம் சொல்ல வைத்தார்.

நேயர்களே, நம்மவர் வரலாற்றில் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு சிறுமையை விட்டுவிடக் கூடாது. கையூட்டு வாங்கியவரும் தென்னிந்திய வழியினர்; கொடுத்தவர்களும் கோள் சொன்னவனும் அந்தப் பக்கத்தவர்களே. பொய்யை நம்பக் காத்திருந்த மன்னருக்கு அந்தக் கோள் ஒரு சாக்காக வாய்த்தது.

1510-ஆம் ஆண்டு. விசாரணை எதுவும் இல்லை. சுல்தானின் ஆட்கள் பெண்டஹாராவின் வீட்டைச் சூழ்ந்தனர். மகன் துன் ஹசான் தெமெங்கோங் எதிர்த்து நிற்கத் துடித்தார். மன்னருக்குத் துரோகம் செய்வது நம் குலத்துக்கு வழக்கமில்லை என்று தந்தை அவரைத் தடுத்தார். துன் முத்தாஹிர், துன் ஹசான், துன் தாஹிர், துன் அலி ஆகியோர் கொல்லப்பட்டனர். ஒரே நாளில் துன் பாத்திமா தந்தையை இழந்தார், உடன்பிறந்தவரை இழந்தார், மாமனாரை இழந்தார், கணவரையும் இழந்தார். அதன் பின்னர், கொல்ல ஆணையிட்டவருக்கே மனைவியாக்கப்பட்டார்.

குற்றச்சாட்டு பொய் என்பது பிறகு தெரிந்தது. ராஜா முதலியாரும் கித்துலும் கொல்லப்பட்டனர். லக்சமணா பதவியையும் செல்வத்தையும் இழந்தார். சுல்தான் தம் செயலை எண்ணி வருந்தினார். ஆனால் மாண்டவர் மீள்வதுண்டா? புதிய அரசி சிரிக்கவில்லை. புன்னகை கூடச் செய்யவில்லை என்று நூல் எழுதுகிறது. மனம் உடைந்த சுல்தான் அரியணையைத் தம் மகன் அகமதுவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று சற்றுப் பார்ப்போம். அங்கே 1509-இல் எட்டாம் ஹென்றி அரசரானார். அவருக்கு ஆறு மனைவியர். ஆன் போலின் 1536 மே மாதம் 19-ஆம் நாள் தலை வெட்டப்பட்டார். பதினொரு நாள் கழித்து மன்னர் ஜேன் சீமோரை மணந்தார். அந்த ஜேன், மன்னர் ஏங்கித் தவித்த ஆண் பிள்ளையைப் பெற்றுக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டாம் நாள் இறந்தார். கடைசி மனைவி கேதரின் பார், இரு முறை கணவனை இழந்தவர். தாமஸ் சீமோர் என்பவரை மணக்க விரும்பியிருந்தார். மன்னர் கேட்டபின் மறுக்க முடியாமல் 1543-இல் அரசியானார். மூன்று தாய் வயிற்றில் பிறந்த மன்னரின் மூன்று பிள்ளைகளையும் அன்போடு அரவணைத்தவர் அவர். 1547-இல் மன்னர் மறைந்த பின்னரே தாம் விரும்பிய சீமோரை மணந்தார். மறு ஆண்டே பிள்ளைப்பேற்றின் பின் காலமானார். மதம் வேறு, மொழி வேறு, கடல் வேறு. ஆனால் மன்னரின் விருப்பம் என்று வந்தால் பெண்ணின் விருப்பத்துக்கு இரண்டு நாட்டிலும் இடம் இருந்ததில்லை.

துன் பாத்திமா கேதரினைப் போல அரவணைத்துச் சென்றவர் அல்லர். அவர் வேறு வழியில் போராடினார். சுல்தானின் பிள்ளையைக் கருவுற்றபோது அந்தக் கருவைக் கலைத்துவிட்டார் என்று நூல் ஒளிவு மறைவின்றிக் கூறுகிறது. ஒரு முறைக்கு மேலும் அப்படி நடந்தது. சொல்வதற்குக் கனமான செய்திதான். ஆனால் அரண்மனையில் அவருக்கென்று மிஞ்சியிருந்த ஒரே உடைமை அவருடைய உடல் ஒன்றே என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தக் கசப்பு நமக்குப் புரியும்.

அப்போதுதான் சுல்தான் அவரிடம் காரணம் கேட்டார். அந்த நூலில் துன் பாத்திமாவின் மனத்தை அறிய ஒருவர் கேட்கும் இடம் நாம் கண்டவரையில் இது ஒன்றே. அவரும் பதில் சொன்னார். அரியணையில் அமர ஏற்கெனவே ஒரு மகன் இருக்கும்போது எனக்குப் பிள்ளை எதற்கு என்பது அந்தப் பதிலின் பொருள். உனக்கு ஆண் பிள்ளை பிறந்தால் அவனே அரசன் என்று சுல்தான் வாக்குக் கொடுத்தார். அதன் பிறகே அவர் கருவைக் காத்தார். முதலில் பெண் மக்கள் பிறந்தனர்; பிறகு ராஜா அலி என்ற மகன் பிறந்தான்.

இதற்குள் நாடே கைவிட்டுப் போயிருந்தது. 1511 ஆகஸ்டு மாதம் அல்புகர்க்கின் தலைமையில் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தனர். அரச குடும்பம் நம் மூவார் ஆற்றுப் பக்கம் பின்வாங்கியது. பாகோவில் கோட்டை கட்டி நின்றார்கள், அதுவும் வீழ்ந்தது. பிறகு பகாங், அதன் பிறகு பிந்தான் தீவு. தந்தைக்கும் மகனுக்கும் மனம் ஒட்டவில்லை. சுல்தான் அகமது தந்தையின் ஆணையாலேயே கொல்லப்பட்டதாக நூல் கூறுகிறது. லேடாங் இளவரசி கேட்டபோது எந்த மகனின் இரத்தத்தைத் தர மறுத்தார் என்று கதை சொல்கிறதோ, அதே மகன்!

அடுத்துப் பட்டத்துக்கு உரியவராக இருந்தவர் ராஜா முஸாபார். கிளந்தான் இளவரசி ஒருவர் பெற்ற மகன் அவர். துன் பாத்திமாவுக்கு மகன் பிறந்ததும் நிலைமை மாறியது. முஸாபார் அமர்வதற்கு விரித்திருந்த கம்பளமும் விரிப்பும் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. கைக்குழந்தையான ராஜா அலி இளைய சுல்தானாக அறிவிக்கப்பட்டான். கொடுத்த வாக்கைச் சுல்தான் காப்பாற்றினார்.

1526-இல் போர்த்துகீசியர் பிந்தானையும் அழித்தனர். சுமத்திராவில் உள்ள கம்பாரில் தஞ்சம் புகுந்த சுல்தான் மஹ்மூட் 1528-இல் அங்கேயே மறைந்தார். அமைச்சர்கள் துன் பாத்திமாவின் மகனைச் சுல்தான் அலாவுதீன் ரியாயாட் ஷாவாக முடிசூட்டினர். அப்போது அவருக்கு வயது பதினாறைத் தாண்டியிருக்க முடியாது. மூத்தவரான முஸாபாரை வெளியேறச் சொன்னார்கள். அவர் தம் மனைவியோடும் மகனோடும் புறப்பட்டார். அந்த மனைவி யார் தெரியுமா? முன்பு நினைவில் வைக்கச் சொன்னோமே, அந்தத் துன் தெராங்! கொல்லப்பட்ட துன் அலிக்குத் துன் பாத்திமா பெற்ற மகள்.

இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மகனுக்கு அரியணை வாங்கிக் கொடுத்த தாயின் வெற்றி, மகளை நாடு கடத்தியது. தாய் எந்த நிலையில் இருந்தார், மகளை வழியனுப்பினாரா, ஒன்றும் நமக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் வெளியேறிய முஸாபாரைப் பேரா மக்கள் தங்கள் முதல் சுல்தானாக ஏற்றுக்கொண்டனர். துன் தெராங் பெற்ற மன்சூர், பேராவின் இரண்டாம் சுல்தானானார். அலாவுதீன் நம் ஜொகூர் ஆற்றங்கரைக்கு வந்து, போர்த்துகீசியர் அழிக்க அழிக்கத் திரும்பக் கட்டி, ஜொகூர் அரசை நிலைநிறுத்தினார். இன்று கோத்தா திங்கி வட்டாரத்தில் உள்ள ஜொகூர் லாமாவுக்குச் செல்பவர்கள் அக்காலக் கோட்டையின் மண் அரணைப் பார்க்கலாம். மலாக்கா வீழ்ந்தபின் எழுந்த இரண்டு அரசுகளிலும் துன் பாத்திமாவின் வயிற்றுப் பிள்ளைகள் இருந்தார்கள்.

பிற்காலத்து நாடகங்களும் திரைப்படமும் துன் பாத்திமாவைக் கையில் ஆயுதமேந்திய வீராங்கனையாகக் காட்டுகின்றன. ஜொகூர் பாருவில் பெண்கள் உறைவிடப் பள்ளி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெருமைக்குரியதே. ஆனால் நம் மனத்தில் நிற்பது அந்த வாள் அன்று. சிரிக்க மறுத்த ஒரு பெண்ணும், ஒரே ஒரு முறை கேட்கப்பட்டபோது அவர் சொன்ன பதிலுமே நிற்கின்றன.

மறுநாள் அந்த மாணவியிடம் இதையெல்லாம் அவள் வயதுக்கு ஏற்றபடி சுருக்கிச் சொன்னோம். "அப்போ கேக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அன்று நமக்கு இன்னொரு பெண்ணின் நினைவு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் படித்தவள், கணக்கில் கெட்டிக்காரி. படிவம் மூன்று முடித்த கையோடு வெற்றிலைத் தட்டில் பத்திரிகையை வைத்துக்கொண்டு தாயோடு நம் வீட்டுக்கு வந்தாள். "மாமன் மகன்தான் டீச்சர், முறைதான், நல்ல பையன்" என்று தாயே எல்லாம் பேசினார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாம் பத்திரிகையை வாங்கினோம், வாழ்த்தினோம், காப்பி கொடுத்து அனுப்பினோம். 'உனக்குச் சம்மதம்தானா அம்மா?' என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் நன்றாக வாழ்ந்தாளா இல்லையா என்பது வேறு செய்தி. ஆசிரியர் என்ற உரிமையோடு கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம். கேட்கவில்லை.

நம் நாட்டுச் சட்டம் இந்தக் கேள்வியைக் கேட்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும், ஒருவனுக்கு ஒருத்தி, 18 வயது நிறைவது பொது விதி. மணமக்கள் இருவரும் தாமாகவே சம்மதிக்கிறார்கள் என்று பதிவாளர் மனநிறைவு கொள்ளாமல் திருமணத்தை நடத்தி வைக்கக் கூடாது என்பதும் அதில் அடங்கும். ஆனால் பதிவாளரின் மேசை முன்னால், இரு வீட்டாரும் புத்தாடை உடுத்தி நிற்கும் வேளையில், எந்தப் பெண் 'இல்லை' என்று சொல்வாள்? அந்தக் கேள்வியை அதற்கு முன்பே வீட்டில் கேட்க வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பலகாரம் செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டும். அவள் சொல்லும் பதிலைக் கேட்டுக் கோபப்படாமல் இருக்கவும் பழக வேண்டும்.

பெற்றோர்களே, உங்கள் மகளுக்கு நல்லது செய்யவே நீங்கள் முனைகிறீர்கள் என்பதில் ஐயமில்லை. பெண்டஹாரா முத்தாஹிரும் தம் மகளுக்கு நல்லது செய்வதாகத்தான் எண்ணினார். இன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளுக்குத் துன் பாத்திமாவின் கதையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்தபின் உங்கள் மகள் ஏதாவது கேட்டால், நம்மைப் போல மணி அடித்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள்.